ரத்தத்தில் அமிலமா? அளக்க வேண்டிய இடம் வேறு

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 53 வயதுப் பெண்மணி ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 60 வயது. கொஞ்சம் தென்னந்தோப்பு, ஒரு மளிகைக் கடை. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை, அதற்குப் பின்னால் வந்த ரத்த அழுத்தம். போன வருடக் கடைசியில் எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 40, பொட்டாசியம் 5.1, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.2. மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டான் ஆகிய மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தார்.

நான்கு மாதங்களுக்கு முன்பு கொழுந்தனாரின் மகன் இருவரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறான். மேடையில் இரண்டு டம்ளர் தண்ணீர். இரண்டிலும் ஒரே சொட்டு மருந்தை விட்டதும் ஒன்று மஞ்சளானது, இன்னொன்று ஊதாவானது. ஊதா நிறத் தண்ணீர், தண்ணீரைக் காரமாக்கும் மெஷினிலிருந்து வந்ததாம். ‘எல்லா நோய்க்கும் உடம்பில் அமிலம் சேருவதுதான் காரணம், சர்க்கரை வந்ததும் அதனால்தான், காரத்தன்மை உள்ள உடம்பில் புற்றுநோய் அண்டாது’ என்று பேசியிருக்கிறார்கள். 1,40,000 ரூபாய் மெஷின் தவணையில் வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது கணவரின் அன்றாட வழக்கம் இது: காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்த தண்ணீர். பிறகு தோப்பிலிருந்து இரண்டு இளநீர். பகல் முழுக்க மெஷின் தண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையாமல். வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சாறு. தயிர், முட்டை, மீன் எல்லாம் ‘அமில உணவு’ என்று நிறுத்தியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாதம் கிடையாது, சாறும் இளநீரும் மட்டும். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிறார். ‘மாத்திரையே அமிலம்தான்’ என்று மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். மற்ற இரண்டும் தொடர்கின்றன. சில வாரங்களாகச் சாயங்காலத்தில் கால் வீங்குகிறது. ‘கழிவு இறங்குகிறது, நல்ல அறிகுறி’ என்கிறான் பையன்.

இவர் கேட்பது: இதெல்லாம் உண்மையா? எனக்கும் நெஞ்செரிச்சல், மூட்டு வலி இருக்கிறதே, நானும் குடிக்கலாமா? பட்டை நீலமாக மாறுகிறதே, அப்படியானால் பலன் இருக்கிறதுதானே? மெஷினைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, சொந்தத்துக்குள் சங்கடம் வராமல்?

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கம் அப்புறம்.

ஆப்ப சோடா, இளநீர், பச்சைச் சாறுகள், வெள்ளிக்கிழமைப் பட்டினி இவை எல்லாவற்றையும் நாளையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். பொட்டாசியம், சோடியம், பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, கூடவே சிறுநீரில் அல்புமின். ரிப்போர்ட்டுடன் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய், கால் வீக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரர் இப்போது சாப்பிட்டுவரும் இரண்டு மாத்திரைகளையும் அதுவரை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய மெட்ஃபார்மினை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். அதன் அளவு கிரியாட்டினினைப் பொறுத்தது, இந்த நான்கு மாதத்தில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இடையில் வாந்தி, வயிற்று வலி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது, படபடப்பு, கை கால் தளர்ந்து போவது, பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ‘டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார், சிறுநீரகம் பலவீனம், சோடாவும் இளநீரும் குடித்து வந்தார்’ என்று அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் 180 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அமிலக் கணக்கை யார் பார்க்கிறார்கள்

அமிலம், காரம் என்பதை அளக்கும் அளவுகோலுக்கு பிஎச் என்று பெயர். 1909-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. அவர் வேலை பார்த்தது பீர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் என்பது ஒரு சுவாரசியம். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கிறது. அதாவது இயல்பிலேயே லேசான காரம். இந்தக் குறுகிய இடைவெளியை விட்டு வெளியே போனவர்களை நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்க்கிறோம். மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூட்டம் கேட்கிற நிலையில் அவர்கள் இருப்பதில்லை. அடுத்து, ‘உடம்பு முழுக்கக் காரமாக இருக்க வேண்டும்’ என்ற பேச்சு. இரைப்பையின் பிஎச் சாதாரணமாக 1.5 முதல் 3.5 வரை, கடுமையான அமிலம். சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் புரதத்தைச் செரிக்கவும் அந்த அமிலம் வேண்டும். இரைப்பையைத் தாண்டியதும் கணையநீர் வந்து அதைச் சமன் செய்கிறது, அது காரம். தோலின் மேற்பரப்பு மறுபடியும் லேசான அமிலம், கிருமிகளை அண்டவிடாமல் இருக்க. அந்தந்த இடத்துக்கு எது தேவையோ அது அங்கே இருக்கிறது.

ரத்தத்தை அந்தக் குறுகிய இடைவெளியில் நிறுத்தி வைப்பது மூன்று ஏற்பாடுகள். ரத்தத்திலேயே இருக்கும் பைகார்பனேட், ஹீமோகுளோபின் போன்றவை அமிலம் வந்ததும் நொடியில் பிடித்துக்கொள்கின்றன. நுரையீரல் நிமிடக் கணக்கில் வேலை செய்கிறது. உடம்பு எரிக்கும் உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 15,000 மில்லிமோல் (வேதியியலில் ஒரு பொருளின் அளவைச் சொல்லும் அலகு) கரியமில வாயு உண்டாகிறது. அது ரத்தத்தில் கரைந்தால் அமிலம். அத்தனையும் மூச்சு வழியாகப் போய்விடுகிறது. மூச்சு வழியாகப் போக முடியாத அமிலம் கொஞ்சம் மிஞ்சும், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல். முக்கியமாகப் புரதத்தில் உள்ள கந்தகத்திலிருந்து வருவது. உங்கள் வீட்டுக்காரர் எடைக்கு 60, 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். மணிக்கணக்கில், நாள்கணக்கில் நிதானமாக நடக்கும் வேலை அது.

மெஷின் தண்ணீரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பிஎச் 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த ‘காரம்’ எனப்படும் ஹைட்ராக்சைடு 0.03 மில்லிமோல்தான் இருக்கும். 60 மில்லிமோலை அதைக் கொண்டு சரிக்கட்ட வேண்டுமானால் 2,000 லிட்டர் குடிக்க வேண்டும். அதற்கு முன்னால் இரைப்பை அமிலத்தைத் தாண்ட வேண்டும், அங்கேயே கதை முடிந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன், இதை உங்கள் கொழுந்தனார் மகனிடமே கேட்கலாம். உங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்புப் படியும் கடினத் தண்ணீர். காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று ரிப்போர்ட்டில் வரும் தண்ணீருக்கு 6 மில்லிமோல் அமிலத்தைச் சரிக்கட்டும் திறன் உண்டு, அதில் உள்ள பைகார்பனேட்டால். மேடையில் ஊதாவான அந்த ஹைட்ராக்சைடைவிட இருநூறு மடங்கு. ஓசியில் மோட்டார் போட்டால் வரும் தண்ணீர்! சொட்டு மருந்து காட்டியது தண்ணீரின் பிஎச்சை மட்டும்தான். தண்ணீருக்கு எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் சக்தி இருக்கிறது என்பதை அது காட்டாது. அந்த ஊதா டம்ளரில் நாலு சொட்டு எலுமிச்சையை விடச் சொல்லியிருந்தால் நிறம் உடனே மாறியிருக்கும்.

பட்டை காட்டுவது எதை

சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதிகாலையில் பெரும்பாலும் அமிலம்தான். குப்பைத்தொட்டி நிறைந்திருக்கிறது என்றால் யாரோ வீட்டைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிறுநீர் அமிலமாக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். சோடா குடித்ததும் பட்டை நீலமாவதும் உண்மைதான். ரத்தத்துக்கு வேண்டாத உபரிக் காரத்தைச் சிறுநீரகம் வெளியே கொட்டுகிறது, அந்த நிறம்தான் அது. நோய் குறைந்ததற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சிறுநீரகம் பலவீனமானவர்களிடம் இந்தப் பட்டை கூடுதலாக ஏமாற்றும். சிறுநீரகம் அமிலத்தின் பெரும் பகுதியை அமோனியத்தோடு கட்டி வெளியேற்றுகிறது. கட்டப்பட்ட அந்த அமிலம் பட்டையில் தெரியாது. ஆகவே ரத்தத்தில் அமிலம் உண்மையாகவே தேங்கியிருந்தாலும் பட்டை தன் பாட்டுக்கு ஏதோ ஒரு நிறத்தைக் காட்டும். சிறுநீரின் பிஎச்சைப் பார்த்து நாங்களும் சிகிச்சை செய்வதுண்டு. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரைக் கொஞ்சம் காரமாக்கினால் கல் கரையும். ஆனால் கால்சியம் பாஸ்பேட் கல், கிருமித் தொற்றால் வரும் கல் ஆகியவை காரச் சிறுநீரில்தான் வளரும். கல் எது என்று தெரியாமல் செய்யும் வேலை இல்லை இது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இது ஏன் விளையாட்டு இல்லை

அமிலம் என்ற பேச்சே கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த நூறு பேரில் அமிலக் கணக்கைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவர்களில் உங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். இஜிஎஃப்ஆர் 40 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த நிலையில் தினசரி அமிலம் முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்க ஆரம்பிக்கலாம். தசை கரையும், எலும்பு பலவீனமாகும், சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெடும். ரத்தத்தில் பைகார்பனேட் எவ்வளவு என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். இயல்பு அளவு 22 முதல் 26 வரை. சில லேபுகளில் அதை ‘மொத்த கார்பன் டை ஆக்சைடு’ என்று போட்டிருப்பார்கள். சாதாரணமாக ஊசி போட்டு எடுக்கும் ரத்தமே போதும், பெரிய செலவும் இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

‘குறைந்திருந்தால் சோடாதானே மருந்து? அதைத்தானே அவரும் குடிக்கிறார்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்களும் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருகிறோம், பொருள் அதேதான். ஆனால் 500 மில்லிகிராம் மாத்திரையில் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்து, வீக்கத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறோம். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கிட்டத்தட்ட ஐந்து கிராம், பத்து மாத்திரைக்குச் சமம். அதில் சோடியம் ஏறத்தாழ 1,260 மில்லிகிராம். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டிலிருந்து வரும் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, அவர் காலையில் ஒரே மடக்கில் அதில் பாதிக்கும் மேல் உள்ளே தள்ளினால் கால் வீங்காமல் என்ன செய்யும்? வீக்கம் உள்ளவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். சிறுநீரில் புரதம் போவது, இதயம். அதனால்தான் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன். ‘கழிவு இறங்குகிறது’ என்பது மட்டும் இல்லவே இல்லை.

சோடாவைவிட எனக்குப் பயம் தருவது இளநீர்தான். நம் தோப்பில் காய்ப்பது, குழந்தைக்குக் கூடக் கொடுப்பது, அதில் என்ன கெடுதல் என்று தோன்றும். நல்ல சிறுநீரகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஓர் இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். இரண்டு இளநீர், கீரைச் சாறு, வாழைத்தண்டு, வெள்ளிக்கிழமை இன்னும் அதிகம். அவர் சாப்பிடும் டெல்மிசார்டான் சிறுநீரகத்துக்கு நல்ல மருந்து, ஆனால் பொட்டாசியத்தை உடம்பில் கொஞ்சம் தங்க வைக்கும். சிறுநீரகமோ முன்பு போல அதை வெளியேற்றாது. இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பே அவருக்கு 5.1 இருந்தது. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம், சில நேரம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல். அதனால்தான் ஓரிரு நாளில் பரிசோதனை என்றேன்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமைப் பட்டினி. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக இறக்கிவிடும் மருந்து. அதைச் சாப்பிட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதியில் சாப்பிடாமல் இருந்தாலோ, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. சாதாரண சர்க்கரை நோயில் இப்படி ஆகும்போது சர்க்கரை 300, 400 என்று ஏறி நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். இந்த மருந்தில் சர்க்கரை ஓரளவு இயல்பாகவே இருக்கும், அமிலம் மட்டும் ஏறும். குளுக்கோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காக. உடம்புக்கு முடியாமல் சாப்பாடு இறங்காத நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தால் சர்க்கரை வந்தது என்று மேடையில் சொன்னார்களே, உடம்பில் நடப்பது தலைகீழ்: கட்டுப்பாடு தவறிய சர்க்கரைதான் அமிலத்தை உண்டாக்குகிறது.

மெட்ஃபார்மின் விஷயத்தில் அவர்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சிறுநீரகம் மிகவும் கெட்ட நிலையில் அந்த மருந்து தேங்கினால் லாக்டிக் அமிலம் கூடலாம். ஆகவே இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம், 30-க்கும் 45-க்கும் நடுவில் அளவைக் குறைத்துக் கொடுப்போம். ஒட்டுமொத்தமாக ‘மாத்திரை என்றாலே அமிலம்’ என்று நிறுத்தினால், 8.2-ல் இருந்த எச்பிஏ1சி இன்னும் ஏறும், சிறுநீரகம் இன்னும் கெடும், கடைசியில் எதற்குப் பயந்தாரோ அந்த அமிலமே வந்து சேரும்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் அமிலத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை அதிகமானால் சிறுநீரகம் தள்ள வேண்டிய அமிலம் கூடும். காய்கறி, பழத்தில் உள்ள சிட்ரேட் போன்றவை உடம்பில் பைகார்பனேட்டாக மாறும். புளிக்கிற எலுமிச்சையைக் காரம் என்று அவர்கள் சொல்வதற்கும் அடிப்படை இதுதான். சிறுநீரக நோயாளிகளுக்கு சோடா மாத்திரைக்குப் பதிலாகக் காய்கறி, பழங்களைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நல்ல பலனும் தெரிந்திருக்கிறது. ஆனால் பொட்டாசியம் ஏறும் அபாயம் குறைவாக உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் அப்படிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எந்தக் காய், எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியம் அதிகம் என்று தெரிந்தால் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கலாம். ஜூஸாக அடித்துக் குடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. முட்டையையும் மீனையும் அடியோடு விட வேண்டியதில்லை, அளவோடு போதும். மோர் ஊற்றிக்கொள்ளாமல் நம் பக்கத்தில் ஒருவர் எத்தனை நாள் சாப்பிட முடியும்? பாவம், அதைத் திருப்பிக் கொடுங்கள், உப்புப் போடாமல்.

குடிக்கும் தண்ணீர்

நீங்கள் கேட்காத ஒன்று. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல போர்வெல்களில் ஃப்ளோரைடு அதிகம். மழை மறைவுப் பகுதி, கடும்பாறை, போதாக்குறைக்கு நிலத்தடி நீரே காரத்தன்மை உள்ளது. காரத்தன்மை கூடிய நீரில்தான் பாறையிலுள்ள ஃப்ளோரைடு நன்றாகக் கரைந்து வரும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பிஎச் 6.5-லிருந்து 8.5-க்குள். சிறுநீரகம் பலவீனமானால் ஃப்ளோரைடும் சரியாக வெளியேறாமல் எலும்பில் சேரும். தண்ணீரின் பிஎச்சை ஏற்றுகிற மெஷின் ஃப்ளோரைடை நீக்கிவிடும் என்று நம்ப வேண்டாம், அதற்கு ஆர்ஓ மாதிரி வேறு ஏற்பாடு வேண்டும். கேரள வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். உங்கள் மூட்டு வலிக்குக் காரணம் தேடும்போதும் அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்பும் முதுகும் விறைப்பாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். அது இரைப்பை அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறி வருவதால் ஏற்படுவது. ரத்தத்தின் பிஎச்சுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சோடா குடித்தால் வயிற்றில் வாயு கிளம்பி ஏப்பம் வரும், ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, படுக்க இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அமில உணவு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்துவிடும் என்ற பேச்சும் உண்டு. சிறுநீரில் கால்சியம் கொஞ்சம் கூடுவது நிஜம், ஆனால் அதனால் எலும்பு தேய்கிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

புற்றுநோய் விஷயம். இந்தக் கூட்டங்களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் பெயரைச் சொல்லி, ‘நோபல் பரிசு வாங்கியவரே சொல்லியிருக்கிறார்’ என்பார்கள். அவருக்கு 1931-ல் பரிசு கிடைத்தது செல் சுவாசத்துக்கு உதவும் நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு. புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது உண்மை, அதை உண்டாக்குவது அந்தக் கட்டியேதான். தண்ணீரும் சோடாவும் குடித்து அந்த இடத்தை மாற்ற முடியாது. கலிபோர்னியாவில் இந்தக் கார வைத்தியத்தைப் பரப்பி, ரத்தக் குழாயிலேயே சோடாக் கரைசல் ஏற்றி வந்த ஒருவர், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2017-ல் சிறைத் தண்டனை பெற்றார்.

மெஷினும் சொந்தமும்

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். பில், தவணை ஒப்பந்தம், கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் பையன் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். பில்லிலும் ஒப்பந்தத்திலும் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு, கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடலாம். மண்டபங்களில் நடக்கும் நேரடி விற்பனைக்கென்று 2021-லிருந்து தனி விதிகளே இருக்கின்றன. சர்க்கரையையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று மருந்துகளுக்கு விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி தவறு. மெஷினுக்கு அது பொருந்துமா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். பணம் முழுதாகத் திரும்பும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். தவணையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கடன் கொடுத்த இடம் வேறாக இருந்தால் அந்தச் சிக்கல் தனியாக வரும்.

பையனிடம் சண்டை வேண்டாம் அம்மா. பெரும்பாலும் அவனும் சொந்தக் காசைப் போட்டு மாட்டிக்கொண்டவனாகத்தான் இருப்பான், பெரியப்பாவைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டான். ரத்தப் பரிசோதனைக்கு அவனையே பைக்கில் கூட்டிப்போகச் சொல்லுங்கள், டாக்டரின் அறைக்குள் அவனும் வரட்டும். உங்கள் வீட்டுக்காரரிடமும் ‘எல்லாம் பொய், ஏமாந்துவிட்டீர்கள்’ என்று தொடங்க வேண்டாம். 14 வருடம் மாத்திரை சாப்பிட்டும் கிரியாட்டினின் ஏறுகிறதே என்ற பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்கிறார். ‘அமிலம் முக்கியம் என்று டாக்டரும் சொல்கிறார், அதை ரத்தத்தில் அளந்து பார்த்துவிடலாம்’ என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இத்தனை நாள் சோடா குடித்திருப்பதால் முதல் ரிப்போர்ட்டில் பைகார்பனேட் நல்ல அளவிலேயே வரலாம். அதைக் காட்டி ‘பார்த்தாயா, பலித்துவிட்டது’ என்பார். சோடாவை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது அளவுதான் அவருடைய உண்மையான நிலை. அது 22-க்குக் கீழே வந்தால் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, மாத்திரை தேவையா, எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் எனக்கும் அனுப்புங்கள்.